பீச்சாங்கைக்கு அஞ்சு கட்டை

நவம்பர் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுகல். பள்ளிக்கூடத்துக்கு வந்தது பதினோரு பிள்ளைகள். மதியத்துக்கு முன்பே விட்டாயிற்று.

செய்ய வேண்டியவை: கிருபா பாவாடைக்கு நாடா. உப்பு. விறகு நனைந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்காவிடம் கேட்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள், இன்னும் தொடவே இல்லை.

அவர் டூட்டி முடிந்து நனைந்து வந்தார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு மழையாவது வெயிலாவது. தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு சேதி சொன்னார்.

"பி.டபிள்யூ. துரை ஊட்ல அல்லாரும் கப்பலேறப் போறாங்களாம். ஜனவரியில."

தண்டவாளத்தை மேற்பார்க்கும் துரை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பங்களா. துரையின் தங்கை ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுக்குப் பெட்டி வாசிப்பவர். மிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வது.

"அந்தப் பியானோ பொட்டிய கோயிலுக்கே உட்டுட்டுப் போறாங்களாம். ஆனா சும்மா இல்ல. ஊர்ல ஒரு புள்ளைக்காவது வாசிக்க கத்துக் குடுத்துட்டுதான் போவேன்னு மிஸ் சொல்லிக்கினு இருக்குதாம். ஒரே ஒரு புள்ள. ரெடியா இருக்கற புள்ள."

நான் கஞ்சியை அடி பிடிக்க விட்டுவிட்டேன்.

மிஷன் போர்டிங்கில் ஏழு வருஷம் பியானோ துடைத்தவள் நான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. துணியைக் கட்டைமேல் வைத்து அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு நாள் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு சத்தம். முழங்காலில் நின்றேன், சாயந்திரம் வரை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

என் மகள் கிருபாவுக்கு ஆறரை வயசு. விரல் விரித்தால் என் சாணில் முக்கால்.

நவம்பர் 4, புதன்

தூறல். மிஸ்ஸை நேரில் பார்த்துக் கேட்டேன். ரயில்வே காலனிகளிலேயே வளர்ந்தவர், நம்மைப்போலவே பேசுகிறார். என்னைவிடச் சின்னவர்தான், முப்பது இருக்கலாம். எத்தனை வயசில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"வயசு பாக்க மாட்டேன் டீச்சரம்மா. அஞ்சு வயசுல ரெடியா இருக்கறதும் உண்டு, பத்து வயசுல ஆகாததும் உண்டு."

அவர் சொன்னவை, மறக்காமல் இருக்க:

அஞ்சு விரல் அஞ்சு கட்டையில் தனித்தனியாக நிற்க வேண்டும்.
கால் மணி நேரம் ஸ்டூலில் ஆடாமல் உட்கார வேண்டும்.
ஒன்று முதல் நாலு வரை தாளம் தப்பாமல் கைதட்ட வேண்டும்.
இடது வலது தெரிய வேண்டும்.
பிள்ளையே கேட்க வேண்டும். ("ஆசை கொழந்தைக்கா அம்மாவுக்கான்னு எனக்குப் பாத்தா தெரிஞ்சிடும்.")

கடைசியைக் கேட்டு முகம் சுட்டது. வரும் சனிக்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். கோயில் உபதேசியார் மகளும் வருகிறாளாம். அவளுக்கு எட்டு வயசு, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும்.

நவம்பர் 5, வியாழன்

அவர் ஸ்டேஷனிலிருந்து பார்சல் பெட்டிப் பலகை ஒன்று கொண்டுவந்தார். வெள்ளைக் கட்டைக்குச் சாக்பீஸ், கறுப்புக்கு அடுப்புக்கரி. பதினாலு வெள்ளை, பத்து கறுப்பு. "இது பாடுமா?" என்றாள் கி. "நீதான் பாடணும்" என்றேன். பாடிக்கொண்டே விரல் வைக்கிறாள். வலது கை தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இடது கை மடியில், அப்படியே, அசங்காமல். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று பூரித்துப் போனேன்.

பூரித்துப் போனேனாம். அட பைத்தியக்காரி. (இது 8ஆம் தேதி சேர்த்தது.)

நவம்பர் 6, வெள்ளி

வெயில் தலை காட்டியது. துணி காய்ந்தது.

இடது வலது கேட்டேன். கண் இமைக்காமல் பதில். சோத்தாங்கை இது, பீச்சாங்கை இது. திருப்பி நிற்க வைத்துக் கேட்டேன், கண்ணை மூடச் சொல்லிக் கேட்டேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் வகுப்பில் ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கே இன்னும் குழப்பம். ஐந்தில் நாலு தேறிவிட்டாள். பாவாடைக்கு நாடா போட்டாயிற்று.

நவம்பர் 7, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பங்களா. கூடத்தில் பியானோ. ஈரம் ஏறாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு லாந்தர். மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை, கி. மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். மிஸ் மூன்று கட்டை தட்டினார், கி. திருப்பிப் பாடினாள். ஐந்து தட்டினார், அதையும் பாடினாள். தாளம் தப்பவில்லை. வலது கை ஐந்து விரலும் ஐந்து கட்டையில், சொல்லி வைத்ததுபோல. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! கர்த்தாவே, அந்த ஒரு நிமிஷம் நான் எங்கேயோ இருந்தேன்.

"இப்ப இன்னொரு கை, கண்ணு."

கி. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "அந்தக் கையும் வேணும்மா. ரெண்டு கையும் சேர்ந்தாதான் பாட்டு."

"அது பீச்சாங்கை மிஸ்" என்றாள் கி. "அத்த வச்சி நல்ல பொருளத் தொடக் கூடாது."

மிஸ் சிரித்தார். மெல்ல அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். கி. ஒரு அலறல். ஸ்டூலிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

மிஸ் திட்டவில்லை. துணி கொண்டுவந்து தானே துடைத்தார். "கையில எதுனா அடி பட்டிருக்கா டீச்சரம்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை மிஸ் என்றேன். கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுக்கிற வாய், கூசாமல் சொன்னது.

"இன்னும் ரெடியாகல. காது இருக்கு, வெரல் இருக்கு. ரெண்டு வாரம் பாப்போம். இருவத்தோராந் தேதி வாங்க. அன்னிக்கு முடிவு பண்ணிடணும், எனக்கும் நாள் இல்ல."

வழியெல்லாம் கி. ஈரப் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

நவம்பர் 8, ஞாயிறு

கோயிலில் மிஸ் வாசித்தார். இரண்டு கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டு காதில் விழவில்லை.

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

கி. பிறவியிலேயே இடது கைக்காரி. தவழும்போதே இடது கையால்தான் எதையும் எடுப்பாள். இரண்டு வயசில் சோற்றுக்கு அந்தக் கையை நீட்டியபோது கரண்டியால் ஒரு தட்டு. பிறகு தினம் ஒரு தட்டு. மூன்றாம் வயசில் மாவு மூட்டைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன், கைக்கு மாட்டி மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்ட. காலையில் கட்டினால் சாயந்திரம்தான் அவிழ்ப்பது. ஒண்ணரை வருஷம். அழுதாள், கட்டினேன். அழுகை நின்றது, அப்போதும் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இதைத்தான் செய்கிறோம், என் பிள்ளைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு என்று.

பை கழன்ற பிறகு அந்தக் கை எதற்கும் வரவில்லை, கழுவுவதற்குத் தவிர. எனக்குப் பெருமை. தெருவில் சொல்லிக் காட்டினேன், பாருங்கள் எப்படி மாற்றிவிட்டேன் என்று. ஹாஜிரா அக்கா அப்போதே சொன்னாள். பழவேற்காட்டுக்காரி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள்: "எங்க ஊட்லயும் சோத்துக்கு சோத்தாங்கைதான் டீச்சரு. அதுக்காக இன்னொரு கைய சாக்குல போட்டு கட்டுவாங்களா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படிக்காதவள் என்று நினைத்தேன்.

நவம்பர் 10, செவ்வாய்

மழை. காய்கறி கிடைக்கவில்லை, துவையல்.

பலகையில் இடது கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள். சுட்டதுபோல எடுத்துவிட்டாள். வெல்லம் தருகிறேன் என்றேன். "அம்மா அடிக்க மாட்டேன் கண்ணு, வை." அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

அதை எடுத்துக் கொல்லைப்பக்கம் வீசினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சேற்றில் போய் விழுந்தது. அப்பாடா என்று உள்ளே வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கி. நனைந்துபோய் நிற்கிறாள். கரண்டியைத் தேடி எடுத்து, கழுவி, எக்கி நின்று ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வலது கையால்.

நவம்பர் 12, வியாழன்

பரீட்சைத் தாள் முடிந்தது. தலைமை ஆசிரியருக்குச் சளி.

வகுப்பில் அலமேலு இடது கையால் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என் கை தானாகப் போய் ரூல் தடியை எடுத்து மணிக்கட்டில் அடித்துவிட்டது. அடித்த பிறகுதான் தெரிந்தது. அவள் குச்சியைக் கை மாற்றிக்கொண்டாள், சத்தம் போடாமல். நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனை கை? நினைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

நவம்பர் 14, சனி

இதை எழுதாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

மத்தியானம் நல்ல மழை. கி. பலகை முன்னால். "ஒரே ஒரு வெரல் வை" என்று கெஞ்சினேன். ஒரு மணி நேரம். மடியிலிருந்து கை எழவே இல்லை. உபதேசியார் மகள் தினம் பங்களாவுக்குப் போய் மிஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருகிறாளாம், அந்த நினைப்பு வேறு. என்ன வந்ததோ, பளார் என்று அறைந்துவிட்டேன். அந்த இடது கைமேலேயே. வைக்காததற்கு.

கி. குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். அழவில்லை. எந்தக் கையை ஒளிப்பது என்று தெரியாமல் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஹாஜிரா அக்கா கொல்லைப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள். "யம்மா டீச்சரு. தொட்டாலும் அடிக்கற, தொடலன்னாலும் அடிக்கற. அந்தக் கைய இன்னாதான் பண்ண சொல்ற அந்தப் புள்ளைய?"

உலையைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஜெபிக்கக் கண்ணை மூடினேன், ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 17, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: கி. தனியாக, பலகை முன்னால். இடது கை பலகைமேல்.

ஐந்து விரலும். ஒவ்வொன்றாக. வலதைவிட நன்றாக! கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை போய்த் திரும்பி வருகிறது, வாயில் பாட்டு முணுமுணுப்பு. மூச்சு விடாமல் நின்றேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் கை மறைந்துபோயிற்று. நான் உள்ளே போகும்போது அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அப்படியானால் பிள்ளை ரெடி. எப்போதோ ரெடி. நான் இருக்கும் இடத்தில்தான் ரெடி இல்லை.

நவம்பர் 18, புதன்

அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை நான் வரவில்லை, நீங்கள் கூட்டிப் போங்கள். நான் இருந்தால் கை வராது.

"எனக்கு அன்னிக்கி டூட்டியாச்சே."

"மாத்திக்குங்க."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு: "நானும் பாத்துக்கினுதான இருந்தேன், நீ பை தெக்கும்போது. நாடா வாங்கியாந்தது நான்தான்."

அவர் அப்படிச் சொன்னது ஆறுதலாக இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம் என்று மட்டும் ஆயிற்று. டூட்டி மாற்றிக்கொள்கிறார்.

நவம்பர் 19, வியாழன்

சோப்பு, மண்ணெண்ணெய்.

கி. தானாகவே கேட்டாள். இத்தனை நாளில் முதல் தடவை. "அந்தப் பொட்டி மூடியத் தொறந்தா ஒரு வாசன வருதே, அது இன்னா வாசனம்மா?"

"மரத்தோட வாசனை. உனக்கு அது வேணுமா?"

"உனக்கு வேணுமா?"

"என்னை விடு. உனக்கு?"

தன் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு, "ஆனா அதுக்கு இந்தக் கையும் வேணுமே" என்றாள்.

ஐந்தாவதும் தேறிவிட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: கழுவிவிட்டால் எல்லாக் கையும் ஒன்றுதான் கண்ணு. சுத்தமாக இருந்தால் எதை வேண்டுமானாலும் தொடலாம். நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும்.

"நல்லா கழுவினா போதுமா?"

"போதும்."

அவள் முகம் தெளிந்தது. எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. நல்ல வார்த்தை சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வெள்ளி

பாவாடை துவைத்துக் காய்ந்தது. ரிப்பன் ஹாஜிரா அக்கா கொடுத்தாள், ரோஸ் நிறம். வேலிக்கு மேலாக நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். கி. சமர்த்தாக இருக்கிறாள். நாளை.

நவம்பர் 21, சனி

காலையில் கி. கொல்லையில் வெகு நேரம் இருந்தாள். தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், மறுபடி மொள்ளும் சத்தம். நேரமாகிறது என்று குரல் கொடுத்தேன். வந்தாள், இடது கை பின்னால். வழக்கம்தானே என்று நான் பார்க்கவில்லை. சந்தோஷமாகத்தான் போனாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நான் வீட்டில். அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கின அரிசியிலேயே மறுபடி பொறுக்கினேன்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். அவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முறத்தை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அவர் சொன்னது அப்படியே:

"ரெண்டு கையும் வச்சா. மிஸ் சொல்லாமலே வச்சா. மிஸ் வாசிக்க வாசிக்க இவளும் கூடவே. எனக்கு இன்னா தெரியும், ஆனா நல்லா இருந்திச்சி. மிஸ் கை தட்டுச்சி. அப்பால கட்டையப் பாத்துச்சி. செவப்பா இருக்குது. கையத் திருப்பிப் பாத்தா தோலே இல்ல. உள்ளங்கையி, வெரலு அல்லாம். தேங்கா நாரும் செங்கப் பொடியும் வச்சி தேச்சிருக்கா. நேத்துலேந்து தேச்சிக்கினு இருந்தாளாம்."

"மிஸ் இன்னா சொன்னாங்க?"

"அழுதுச்சி. மருந்து போட்டுச்சி. மூடிய சாத்திடுச்சி. கொழந்த ரெடிதான், இந்தக் கை ஆற எத்தினி நாள் ஆகுமோ, எனக்கு நாள் இல்லன்னு சொல்லிச்சி. திங்கக்கெழமேலேந்து உபதேசியார் பொண்ணு போவுது."

நான் கி. பக்கத்தில் போனேன். அவள் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். முதல் தடவையாக, எனக்கு முன்னால், அந்தக் கையை.

"நீ சொன்ன மாரி நல்லா கழுவினேம்மா. மோந்து பாரு. இன்னும் நாறுதா?"

மோந்து பார்த்தேன். செங்கல் வாசனை, மருந்து வாசனை, ரத்தம். நாறவில்லை கண்ணு என்றேன். "அப்புறம் ஏன் மிஸ் மூடிய சாத்திட்டாங்க?" என்று கேட்டாள்.

நவம்பர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மழை மறுபடி.

கையில் ஈ மொய்க்கிறது, கட்டுப் போட வேண்டும் என்றார் அவர். துணிப் பெட்டியில் தேடினேன். சுத்தமான துணி வேறு எதுவும் காயவில்லை. அடியில் அந்தப் பை இருந்தது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், என்னத்துக்கு வைத்தேனோ. பிரித்துக் கிழித்தேன். மருந்தைத் தடவிச் சுற்றினேன், மணிக்கட்டில் அதே நாடா.

கி. அழவில்லை. கையை வாகாக நீட்டிக்கொண்டு, நான் முடிச்சுப் போடுவதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கெட்டியா கட்டும்மா" என்றாள். "அவுந்துக்கினு போய் எதுனா தொட்டுடப் போவுது."